கல்லாய்ச் சமைந்த சங்குகள்

சென்னையிலிருந்து பெரியபாளையம் வழியாக ஊத்துக்கோட்டைக்குச் செல்வோர் கண்ணில் படுவன நெல்வயல்களும் ஏரிக்கரைகளும் பனைமரங்களும் ஆரணியாற்றின் மணற்பரப்பும் ஆகும். ஆங்காங்கே செம்பாறைச் சரளை படிந்த மேட்டு நிலங்களும் தோன்றும். அங்கே நின்று பார்ப்பவருக்குக் கடல் என்னும் நினைவே எழாது. கிழக்கே 40 கிலோமீட்டருக்கும் அப்பால், பழவேற்காட்டுப் பக்கம் சென்றால்தான் அலையோசை கேட்கும். ஆயினும் ஊத்துக்கோட்டை, பூண்டி வட்டாரத்து மண்ணுக்கு அடியில் ஒரு பழங்கடலின் வரலாறு ஏடு ஏடாக அடுக்கப்பட்டுக் கிடக்கிறது. அந்த ஏடுகளைப் படிக்க உதவும் எழுத்துகள் சங்கும் சிப்பியுமே. அவற்றை எவ்வாறு படிப்பது, படித்தவர்கள் எங்கே தவறினார்கள், தவற்றிலிருந்து எதைக் கற்றார்கள் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

மண்ணில் கிடைக்கும் சங்கெல்லாம் தொல்லுயிர் எச்சம் ஆகிவிடாது. பழவேற்காட்டு ஏரியின் அடியிலிருந்து சுண்ணாம்புக்காக அள்ளப்பட்ட கிளிஞ்சல்களும் பழையவைதாம். ஆனால் அவற்றின் வயதைச் சில ஆயிரம் ஆண்டுகளில் எண்ணிவிடலாம். இங்கு நாம் பேசுவது கோடி ஆண்டுக் கணக்கு. உயிர் மாண்டபின் ஓடு சேற்றில் புதைந்து, சேறு பாறையாக இறுகி, ஓட்டின் பொருள் மாறியும் வடிவம் மாறாமலும் நின்றவை அவை. சிலவற்றில் ஓடும் கரைந்துபோய், அதன் அச்சு மட்டுமே பாறையில் பதிந்திருக்கும்.

இவ்வட்டாரத்துப் பாறைகளை முறையாக ஆராய்ந்தவர்களுள் தலையாயவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த அவரை நம் மாணவர்கள் கற்காலக் கருவிகளைக் கண்டவராகவே அறிவார்கள். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் அவர் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில், வில்லியம் கிங் என்பவருடன், பூண்டிக்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கருவிகளைக் கண்டார். 1999 முதல் அவ்விடத்தை அகழ்ந்து ஆராய்ந்தவர்கள், அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011இல் அறிவித்தனர். கருவிகள் கிடைத்த மண்ணுக்கு அடியில் இருப்பவை அவற்றினும் மிக மிகப் பழைய களிப்பாறைகள். நமக்கும் அந்தக் கற்கோடரி செய்தவனுக்கும் இடையே உள்ள காலத்தை ஓர் அடி நீளக் கோடாக வரைந்தால், அடியிலுள்ள பாறைகள் படிந்த காலத்தை எட்ட அக்கோட்டை ஏறத்தாழ 90 அடி நீட்ட வேண்டியிருக்கும்.

பாலாற்றுக்கு வடக்கேயுள்ள நிலத்தின் அமைப்பைப் பற்றி ஃபூட் எழுதிய ஆய்வு 1873இல் வெளியாயிற்று. மெல்லிய தகடுகளாகப் பிளக்கும் வெண்ணிறக் களிப்பாறைகள் திருப்பெரும்புதூரின் பெயரால் அழைக்கப்பட்டன. அவற்றின் மேல் அமைந்த கூழாங்கற் பாறைகளும் மணற்பாறைகளும், ஊத்துக்கோட்டைக்கு வடக்கே ஆந்திர எல்லைக்குள் இருக்கும் சத்தியவேட்டின் பெயரைப் பெற்றன. களிப்பாறைத் தகடுகளைப் பிரித்தபோது இருவகை எச்சங்கள் ஒன்றாகவே கிடைத்தன. ஒன்று, சைக்கஸ் மரத்தின் ஓலையை ஒத்த இலைப்பதிவுகள். மற்றொன்று, கடல்வாழ் சிப்பிகளும் அம்மோனைட்டுகளும். நிலத்து இலையும் கடற்சிப்பியும் ஒரே தகட்டில் இருப்பானேன்? ஆறுகள் அடித்து வந்த இலைகள் ஆழமில்லாத கடலின் சேற்றில் படிந்தன. அக்காலத்தில் இங்கே ஒரு கடற்கரை இருந்தது என்பதே அதன் பொருள்.

இங்குதான் வழக்கு எழுந்தது. இந்தக் கடல் எந்தக் காலத்தது? ஒட்டோகார் ஃபைஸ்ட்மாண்டல் என்னும் தாவர எச்ச அறிஞர் இலைப்பதிவுகளை ஆராய்ந்து 1879இல் நூல் வெளியிட்டார். இலைகளின் சாட்சியம் ஜுராசிக் காலத்தைக் காட்டுவதாக அவர் கொண்டார். ஜுராசிக் காலம் என்பது ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 14½ கோடி ஆண்டுகளுக்கு முன் முடிவுற்றது. அதனை அடுத்து வந்தது கிரிட்டேசியஸ் காலம். அது 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. 1933இல் ஸ்பாத் என்னும் ஆங்கில அறிஞர் அம்மோனைட்டுகளை மறுபடியும் ஆராய்ந்தார். அவற்றின் சாட்சியம் வேறாக இருந்தது. இவை கிரிட்டேசியஸ் காலத்தின் தொடக்கப் பகுதியைச் சேர்ந்தவை என்றார் அவர்.

இரண்டு சாட்சிகள் முரண்பட்டால் எதனை நம்புவது? ஒவ்வொரு சாட்சியின் இயல்பையும் அறிந்தால் விடை கிடைக்கும். அந்த மரங்கள் மிக மெதுவாக மாறின. ஒரே வகை இலை இரு காலங்களிலும் தழைத்திருக்கக் கூடும். அம்மோனைட்டுகளோ விரைந்து மாறின. ஓர் இனம் தோன்றிச் சிறிது காலமே வாழ்ந்து மறைந்தது. ஆகவே காலத்தைக் கணிக்க அவையே நம்பத்தக்க கடிகாரம். பின்னர் நுண்ணுயிர்களின் கூடுகளை ஆராய்ந்தவர்களும் அதே முடிவை வலியுறுத்தினர். திருப்பெரும்புதூர்ப் பாறைகள் பெரும்பாலும் கிரிட்டேசியஸ் காலத் தொடக்கத்தைச் சேர்ந்தவை என்பது இன்றைய கருத்து. ஜுராசிக் காலம் முடிந்து, உலகம் அடுத்த காலத்துக்குள் அடியெடுத்து வைத்த நேரத்தில், கடல் இங்கே உள்ளே புகுந்து வந்திருந்தது.

அம்மோனைட் என்று சொன்னேன். அதனைப் பார்த்தவர் பலரும் நத்தை என்றே கருதுவர். நம் வீடுகளிலும் கோயில்களிலும் வழிபடப் பெறும் சாளக்கிராமக் கற்களுள் சக்கரம் பொறித்தவற்றை நினைத்துப் பாருங்கள். கண்டகி நதியில் கிடைக்கும் அவை இமயமலையின் ஜுராசிக் காலப் பாறைகளிலிருந்து வந்த அம்மோனைட்டுகள். சுருண்ட ஓடு இருப்பதால் நத்தையின் உறவு போலத் தோன்றும். ஆனால் உள்ளே அறை அறையாகத் தடுப்புச் சுவர்கள் உண்டு. கடைசி அறையில் மட்டுமே உயிர் குடியிருந்தது. கணவாய்க்கும் நாட்டிலஸுக்கும் உறவான தலைக்காலி இனம் அது. நத்தையின் ஓட்டிலோ நெடுகத் தடுப்பில்லாத ஒரே குழாய்தான் சுருண்டிருக்கும். வெளித்தோற்றம் உறவைக் காட்டாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

கடல் நத்தைகளை வகைப்படுத்திய வரலாறு முழுவதுமே இந்த உண்மையைச் சிறிது சிறிதாக உணர்ந்த வரலாறுதான். 1758இல் லின்னேயஸ் உயிர்களுக்கு இரட்டைப் பெயர் வைத்தபோது, ஓடுடைய உயிர்களை ஓட்டின் உருவத்தைக் கொண்டே பிரித்தார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சு நாட்டுக் குவியே, ஓட்டை விடுத்து அதனுள் வாழும் உயிரின் உடலை அறுத்துப் பார்த்தார். வயிற்றின் அடிப்புறமே காலாக நின்று ஊர்வதைக் கண்டு, வயிற்றுக்காலிகள் என்ற பெயரை வழங்கினார். 1848இல் மில்ன் எட்வர்ட்ஸ், செவுள் இதயத்துக்கு முன்னே உள்ளதா பின்னே உள்ளதா என்று பார்த்துப் பிரித்தார். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மனியைச் சேர்ந்த தீலே, நாக்கிலுள்ள பல்வரிசையையும் பிற உறுப்புகளையும் கொண்டு தொன்மையானவை, இடைப்பட்டவை, புதியவை என்று படிநிலை வகுத்தார். கடந்த ஐம்பது ஆண்டுகளில் உடலமைப்பின் நுட்பங்களும் மரபணுக்களும் ஆராயப்பட்டு அந்தப் படிநிலையும் மாற்றப்பட்டது. ஒருவரினும் ஒருவர் உயர்ந்தவர் என்று ஏணிப்படி வைக்கும் முறை மறைந்து, ஒரு மூதாதையின் வழிவந்த கிளைகளைத் தேடும் முறை வந்தது.

இதிலே தொல்லுயிர் ஆராய்ச்சியாளனுக்கு ஒரு பெரும் இடர் உண்டு. கல்லான சங்கில் செவுள் ஏது? நாக்கு ஏது? இதயம் ஏது? எஞ்சியிருப்பது ஓடு ஒன்றே. எனவே உடலின் செய்தியை ஓட்டிலேயே தேட வேண்டியிருந்தது. அவ்வாறு தேடியபோது மூன்று இடங்கள் கைகொடுத்தன. அவை வாயின் விளிம்பு, உள்ளே இருக்கும் அச்சு, ஓட்டின் உச்சி நுனி.

முதலில் வாயின் விளிம்பைப் பார்ப்போம். நத்தையின் குஞ்சுப் பருவத்தில் அதன் உடல் பாதி வட்டம் முறுக்கிக்கொள்கிறது. அதனால் பின்னே இருக்க வேண்டிய செவுளும் கழிவுத் துளையும் தலைக்கு மேல் வந்து அமைகின்றன. கழிவு தன் தலையிலேயே விழாமல் இருக்க வழி வேண்டுமல்லவா? ஜுராசிக் கடல்களில் பெருகி வாழ்ந்த ப்ளூரோட்டோமேரியா என்னும் இனத்தின் ஓட்டு விளிம்பில் நீண்ட பிளவு ஒன்று இருந்தது. கழிவு நீர் அதன் வழியே வெளியேறிற்று. ஓடு வளர வளரப் பழைய பிளவு மூடிக்கொள்ள, அதன் தழும்பு ஒரு பட்டையாகச் சுருள் முழுவதும் சுற்றிச் செல்லும். கல்லான பின்னும் அந்தப் பட்டை அழிவதில்லை. உடலில்லாத ஓட்டிலே மூச்சுவிட்ட முறை எழுதப்பட்டிருக்கிறது. இவ்வினம் முற்றும் அழிந்ததென்றே அறிஞர்கள் நெடுநாள் எண்ணியிருந்தனர். 1855இல் மேற்கிந்தியத் தீவுகளின் பக்கம் ஆழ்கடலிலிருந்து இதன் உறவான சங்கு ஒன்று கிடைத்தது. அடுத்த ஆண்டு அது விவரிக்கப்பட்டது. கல்லில் படித்த பாடத்தை உயிரோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க அது வாய்ப்பாயிற்று.

இரண்டாவது, உள்ளச்சு. ஜுராசிக் காலத்தின் வெதுவெதுப்பான ஆழமற்ற கடல்களில் நெரினியா என்னும் நீண்ட கூம்புச் சங்குகள் மிகுதியாக வாழ்ந்தன. வெளியே பார்த்தால் இன்று நம் கடற்கரையில் ஒதுங்கும் ஆணி போன்ற டர்ரிடெல்லாச் சங்கினின்று அவற்றை வேறுபடுத்துவது எளிதன்று. நெடுக்காக அறுத்துப் பார்த்தால் உண்மை புலப்படும். டர்ரிடெல்லாவின் உட்குழாய் வழவழப்பாக இருக்கும்; நெரினியாவின் உட்குழாயிலோ பூட்டின் சாவித்துளை போல மடிப்பு மடிப்பாகச் சுவர்கள் நீட்டி நிற்கும். இரண்டும் வெவ்வேறு கிளையின. ஒத்த வாழ்க்கை ஒத்த வடிவத்தைத் தந்ததேயன்றி, உறவு தரவில்லை.

மூன்றாவது, உச்சி நுனி. நத்தை தன் ஓட்டை வாய்ப்பக்கமே வளர்க்கிறது. ஆகவே உச்சி நுனியில் இருப்பது அதன் குழந்தைப் பருவத்து வீடு. தமிழர்க்கு வலம்புரி, இடம்புரி என்னும் பாகுபாடு புதிதன்று. சாதாரணச் சங்கு இடம்புரி. ஆயிரமாயிரத்தில் ஒன்றாகக் கிடைப்பது வலம்புரி. வயிற்றுக்காலிகளில் ஒரு பெருங்கிளை உண்டு. அதைச் சேர்ந்தவை குழந்தைப் பருவத்தில் வலம்புரியாகச் சுருண்டு, பின்னர் இடம்புரியாக மாறி வளர்கின்றன. கடுகளவான அந்த நுனி முறியாமல் கிடைத்தால் கிளை தெரிந்துவிடும். முறிந்து போயிற்றானால் பெரிய சங்கு கையிலிருந்தும் அதன் உறவை உறுதியாகச் சொல்ல இயலாமற் போகலாம்.

இத்தகைய சங்குகளைப் பெருந்தொகுதியாகக் காண்பதற்கு ஊத்துக்கோட்டைப் பாறைகள் போதா. நம் நாட்டில் ஜுராசிக் கடலின் செல்வத்தைக் குசராத்தின் கட்ச்சிலும், அடுத்த காலத்துச் செல்வத்தை அரியலூரிலும் தேட வேண்டும். இந்த இரண்டையும் இணைக்கும் பெயர் ஒன்று உண்டு. அது ஃபெர்டினாந்து ஸ்டோலிச்கா என்பது. 1838இல் மொராவியாவில் பிறந்த அவர், 1862இல் கல்கத்தாவில் நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். இமயத்தில் சாளக்கிராமப் பாறைகளின் இனத்தைச் சேர்ந்த ஸ்பிட்டிக் களிப்பாறைகளை ஆராய்ந்தார். 1871-72இல் கட்ச்சுக்குச் சென்று ஜுராசிக் எச்சங்களைத் திரட்டினார். அவற்றிலுள்ள அம்மோனைட்டுகளை வாகன் என்பவர் 1873 முதல் 1875 வரை நூலாக வெளியிட்டார். கட்ச்சின் நத்தைகளோ நெடுங்காலம் போதிய கவனம் பெறாமல் கிடந்தன. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் கொல்கத்தா ஆராய்ச்சியாளர்கள் அவற்றை எடுத்து முறையாக விவரிக்கத் தொடங்கினர்.

தமிழ்நாட்டுக்கு ஸ்டோலிச்கா செய்த பணி மிகப் பெரிது. விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பக்கத்துக் கடல் எச்சங்களை 1840ஆம் ஆண்டளவில் கே, கன்லிஃப் என்னும் ஆங்கிலேயர் இருவர் திரட்டி இலண்டனுக்கு அனுப்பினர். 1846இல் எட்வர்டு ஃபோர்ப்ஸ் அவற்றை விவரித்தார். பின்னர் பிளான்ஃபோர்டு அந்நிலத்தை அளந்து ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பாறைகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். திரண்ட எச்சங்களை ஆராயும் பொறுப்பு ஸ்டோலிச்காவை அடைந்தது. வயிற்றுக்காலிகளுக்கென்றே அவர் எழுதிய பெருநூல் 1867-68இல் வெளியாயிற்று. உயிருள்ள நத்தைகளை அறுத்து ஆராயும் பழக்கம் அவருக்கு உண்டு. ஆகவே கல்லான சங்கைக் கையிலெடுக்கும்போதே, இன்று வாழும் அதன் உறவினரையும் நினைவில் கொண்டு எழுதினார். 1874ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள், யார்க்கண்டு பயணத்திலிருந்து திரும்பும் வழியில், லடாக்கின் உயர்ந்த மலைப்பாதையில் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 36. அவர் கல்லறை லே நகரில் இருக்கிறது.

கட்ச்சின் ஜுராசிக் சங்குகளையும் அரியலூரின் கிரிட்டேசியஸ் சங்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு மாற்றம் தெரியும். பழைய பிளவுச் சங்குகள் இரண்டிலும் உண்டு. ஆனால் அரியலூரில் அவற்றோடு புதிய குடிகளும் நெருங்கி வாழ்கின்றன. ஓட்டின் வாய் நீண்டு ஒரு குழாயாக முடியும் வேட்டை நத்தைகள் அவை. நம் பால்சங்கை நினைத்துக் கொள்ளுங்கள். குழந்தைக்குப் பால் புகட்டும்போது பால் வழியும் அந்த மூக்கு, சங்கின் உயிர் தன் மூச்சுக்குழலை நீட்டிக் கடல்நீரை முகர்ந்து இரை எங்கே என்று அறிந்த வழியாகும். நம் சங்கு சேர்ந்துள்ள அந்தப் புதிய கிளை கிரிட்டேசியஸ் காலத்தில்தான் தலையெடுத்துப் பரவியது. ஜுராசிக் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்க ஒருவர் இருந்திருந்தால், நம் சங்கைப் போன்ற ஒன்றையும் கண்டிருக்க மாட்டார்.

மாற்றத்துக்குக் காரணம் என்ன? 1977இல் கீராட் வெர்மய் என்னும் அறிஞர் ஒரு விளக்கம் தந்தார். ஓட்டை நொறுக்கும் நண்டுகளும் மீன்களும், ஓட்டைத் துளைக்கும் நத்தைகளும் அக்காலத்தில் பெருகின. மெல்லிய ஓடும் அகன்ற வாயும் உடையவை ஆழமற்ற கடலில் பிழைக்க முடியவில்லை. தடித்த ஓடு, குறுகிய வாய், முள், விளிம்புப் பல் ஆகிய அரண்களை உடையவை பெருகின. பிளவு விளிம்புடைய பழைய இனம் படிப்படியாக ஆழ்கடலுக்குள் ஒதுங்கிற்று. இந்த விளக்கத்தைத் தந்த வெர்மய் மூன்று வயதிலிருந்தே கண்பார்வை இழந்தவர். சங்கின் தடிப்பையும் விளிம்பையும், நண்டு உடைத்து மறுபடி வளர்ந்த தழும்பையும் விரலால் தடவியே அவர் கற்றார். கண்ணுடையோர் பலர் அழகென்று பார்த்துக் கடந்த இடத்தில், அவர் விரல்கள் ஒரு போராட்டத்தைப் படித்தன.

இனி ஊத்துக்கோட்டைக்குத் திரும்புவோம். இலை ஒன்று சொல்ல, ஓடு வேறொன்று சொல்ல, உண்மையைத் தெளிய அறிஞர்களுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. அது தெளிந்ததற்குக் காரணம், எந்த எச்சம் எந்தத் தகட்டில், எதனோடு சேர்ந்து கிடைத்தது என்பது அன்றே குறித்து வைக்கப்பட்டிருந்ததுதான். அக்குறிப்பு இல்லாதிருந்தால் இலை ஓரிடத்தது, ஓடு மற்றோரிடத்தது என்று சொல்லி வழக்கை மூடியிருப்பார்கள். இடம் அறியாத தொல்லுயிர் எச்சம், பெயரும் ஊரும் சொல்ல மறந்த சாட்சியைப் போன்றது. அது எவ்வளவு அழகாயிருந்தாலும் அதனை அறிவுமன்றத்தில் நிறுத்த முடியாது.

இன்று திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை நிலம் விரைந்து தோண்டப்படுகிறது. தொழிற்சாலைக்கு அடித்தளம், வீட்டுக்குக் கிணறு, சாலைக்குச் சரளை என்று மண் புரண்டுகொண்டே இருக்கிறது. இதைக் குறை சொல்லிப் பயனில்லை. மக்களுக்குப் பிழைப்பு வேண்டும். ஆனால் தோண்டிய குழி ஒவ்வொன்றும் சில நாட்களுக்குத் திறந்து வைத்த ஒரு நூல். அதனை ஒருவர் பார்த்தால் செய்தி நிற்கும். பார்க்காமல் மூடினால் அந்தப் பக்கம் என்றென்றைக்கும் கிழிந்ததேயாகும்.

மாணவர்களே, உங்கள் ஊரில் கிணறு வெட்டும்போது வெண்ணிறத் தகட்டுக் களிப்பாறை மேலே வந்தால், சற்று நின்று பாருங்கள். இலை வடிவமோ ஓட்டின் பதிவோ தென்பட்டால் உடனே பெயர்த்தெடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஊர், நாள், எத்தனை அடி ஆழம், மேலே என்ன மண், கீழே என்ன பாறை, உடன் கிடைத்தது என்ன என்பவற்றை முதலில் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஓர் அளவுகோலை அருகே வைத்துப் படம் எடுங்கள். உச்சி நுனியைத் துடைக்காதீர்கள்; கடுகளவான அந்த இடத்தில்தான் உறவு எழுதப்பட்டிருக்கிறது. பிறகு ஆசிரியரிடம் காட்டி, நிலவியல் கற்றவர்களுக்குத் தெரிவியுங்கள்.

ஸ்டோலிச்காவும் ஃபூட்டும் பெருமை பெற்றது பெரிய பொருள்களைக் கண்டதனால் அன்று. சிறிய பொருளைக் கண்ட இடத்தோடு சேர்த்துக் குறித்து வைத்ததனால்தான். ஆரணியாற்றங்கரையில் நின்று அத்தகைய குறிப்பு ஒன்றை எழுத ஒரு பென்சிலும் பொறுமையும் போதும். நம் காலடியில் கிடக்கும் அந்தப் பழங்கடலின் வரலாறு இன்னும் முழுவதும் எழுதி முடியவில்லை. அதன் அடுத்த வரியை உங்களுள் ஒருவர் எழுதக்கூடும்.